கடைசிச் சொல் கேட்கவில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 மார்ச்சில் மும்பை நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்தில் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ என்ற ஆங்கில இசைநாடகம் பார்த்தேன். சரவிளக்கு விழும் காட்சியில் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்துவிட்டேன். பிறகு விடுமுறையில் சென்னை வந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு சபா நாடகமும், கூத்துப் பாணியில் செய்த ஒரு நவீன நாடகமும் பார்த்தேன். முதலாவதில் எல்லாரும் வரிசையாக நின்று பேசினார்கள். இரண்டாவதில் கத்தினார்கள், பாதியில் எழுந்து வந்துவிட்டோம். தமிழில் ஏன் இப்படி ஓர் இசைநாடகம் வருவதில்லை? பணமா, சினிமாவா, நடிகர்களுக்குப் பயிற்சி இல்லாததா?

ர.

அன்புள்ள ர.,

அம்மாவை நாடகத்துக்கு அழைத்துப் போகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அதற்காகவே உங்கள் மேல் வந்த கோபத்தில் பாதியைக் கழித்துக்கொள்கிறேன்.

பணம், சினிமா இரண்டையும் விட்டுவிடுவோம். அவை நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சாக்கு. சரவிளக்கையும் விடுங்கள், அது மோட்டாரும் கம்பியும். மேடை ஒலி பற்றி எழுத வேண்டும் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ‘வரிசையாக நின்று பேசினார்கள்’ என்ற வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் அப்படி நின்றார்கள் என்று அண்ணாந்து பார்த்தீர்களா? மேலே நான்கைந்து மைக் தொங்கியிருக்கும், அல்லது மேடை விளிம்பில் ஸ்டாண்டில் நின்றிருக்கும்.

கணக்கு எளிது. மைக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். மைக்குக்கு 2 அடியில் நிற்கும் அப்பாவைவிட, மைக்கிலிருந்து 8 அடியில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் மருமகள் 12 டெசிபல் குறைவாகக் கேட்பாள். அவளுக்காக ஏற்றினால் மைக் ஊளையிடும். திறந்து வைத்த மைக் ஒன்று இரண்டானால் ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போகும், நான்கானால் 6. ஐந்தையும் மாலை முழுக்கத் திறந்தே வைத்திருந்தால் மின்விசிறி, ஏசி, ஒப்பனை அறை அரட்டை எல்லாம் கூடவே வரும். நடிகர்கள் முட்டாள்கள் இல்லை; நான்கு காட்சி நடித்ததும் எங்கே நின்றால் கேட்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள். சோபா அலங்காரமாகிவிடுகிறது. நாடகத்தை இயக்குவது மைக்.

இதில் நாசமாவது எது தெரியுமா? வாக்கியத்தின் வால். தமிழில் யார், எப்போது, உண்டா இல்லையா எல்லாமே கடைசியில்தான் வருகிறது. ‘அந்த வீட்டுக்கு இனி நான் திரும்பிப் போக’ என்பது வரைக்கும் பதினைந்தாம் வரிசைக்குக் கேட்கும். அடுத்தது ‘மாட்டேன்’ஆ, ‘போறேன்’ஆ? அந்த இடத்தில்தான் நடிகருக்கு மூச்சு தீர்கிறது, குரல் இறங்குகிறது, எதிரில் நிற்பவர் பக்கம் முகமும் திரும்புகிறது. நகைச்சுவை வசனத்தில் வெடியும் அங்கேயேதான் இருக்கிறது. முன்வரிசை சிரித்த பிறகு பின்வரிசை சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு அடுத்த வசனத்தின் தலையைத் தின்கிறது. உங்கள் அம்மா எத்தனை முறை ‘என்னடா சொன்னான்?’ என்று கேட்டார்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் கேட்டிருப்பார்.

மும்பையில் நீங்கள் கேட்டது வேறு. அந்த வகை இசைநாடகங்களில் மைக், அரிசி மணி அளவு, முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் இருக்கும். வயருக்கு முடியின் நிறம், சர்ஜிகல் டேப், விக்குக்கு அடியில் முதுகு வழியாக இறங்கி இடுப்பில் ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டியை வியர்வையிலிருந்து காப்பாற்ற ஆணுறைக்குள் போடுவது மேடைக்குப் பின்னால் சர்வசாதாரணம். நெற்றி ஏன்? தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. நம் ஊரில் மாட்டும் காலர் மைக் மார்பில் இருக்கிறது. குனிந்தால் இரைகிறது, திரும்பினால் காணாமல் போகிறது, பட்டுப்புடவை உரசுகிறது. அதைவிட மோசம், மெய்யெழுத்துகளைத் தெளிவாக்கும் 3000–4000 ஹெர்ட்ஸ் பகுதி மோவாய்க்கு அடியில் மங்கிவிடும். சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

நெற்றி மைக்கிலும் சிக்கல் உண்டு. வியர்வை ஒரு சொட்டு அதன் வலையில் உட்கார்ந்தால் குரல் தலையணைக்குள் போய்விடும். அதற்காகவே முக்கிய நடிகருக்கு இரண்டு மைக், இரண்டு பெட்டி. பேட்டரி ஒவ்வொரு காட்சிக்கும் புதிது. காதலர்கள் கட்டிக்கொள்ளும்போது அவன் குரல் அவள் மைக்கிலும் ஓர் இம்மி தாமதமாக விழுந்து, இரண்டும் சேர்ந்து குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும். ஆகவே ஒலிப்பலகையில் இருப்பவர் அந்த நொடியில் ஒரு மைக்கை இறக்கிவிட்டு மற்றதிலேயே இருவர் குரலையும் எடுக்கிறார். இது அந்த ஓர் இடத்துக்கு மட்டும் இல்லை. முன்னால் பிரதி திறந்திருக்க, வசனத்துக்கு வசனம் பேசுகிறவரின் மைக்கை மட்டும் ஏற்றி, முடிந்ததும் இறக்கி, இரண்டரை மணி நேரமும் விரல் ஓயாது. அவரும் ஒரு நடிகர்தான், ஒத்திகைக்கும் வருகிறவர். நம் சபாவில் அந்த வேலையைச் செய்பவர் காட்சிக்கு முன் வருகிறார், எல்லாவற்றையும் ஏற்றி வைக்கிறார், செல்போனை எடுத்துக்கொள்கிறார். அவரையும் திட்ட மனம் வரவில்லை. பிரதியை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை.

இன்னொன்று, தாமதம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 20 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் குரல் 60 மில்லிநொடி கழித்து வரும், பக்கத்துச் சுவர் ஸ்பீக்கரோ உடனே பேசிவிடும். காது முதலில் வந்ததைத்தான் நம்பும். ஆகவே அந்த ஸ்பீக்கரை 70, 75 மில்லிநொடி பின்தள்ளுவார்கள். அது சற்று உரக்கப் பேசினாலும் குரல் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். இது 1949இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து காட்டியது. மலிவான டிஜிட்டல் மிக்சரிலும் இந்த வசதி இருக்கிறது, நம் அரங்குகளில் யாரும் அதைத் தொடுவதில்லை.

இப்போது மிச்சக் கோபம். ‘தமிழில் ஏன் இசைநாடகம் இல்லை’ என்று எந்த வாயால் கேட்டீர்கள்? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணமும் பவளக்கொடியும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. ராஜபார்ட்டும் (நாயக வேடக்காரர்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி வேடக்காரர்) தனித்தனியாக ஒப்பந்தமாகி, பெரும்பாலும் ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திக்கிறார்கள். மும்பையில் நீங்கள் பார்த்த வகைப் பெரிய இசைநாடகங்களில் நடிகர் வசனத்தை முடிக்கும்வரை இரண்டு ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி இடம் விட்டு எழுதியிருப்பார்கள். நம் ஆர்மோனியக்காரர் அதை எழுதி வைக்காமலே செய்கிறார். நாரதர் தர்க்கத்தை நீட்டினால் அவர் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். முன்பே பதிந்த டிராக் போட்டு வாயசைக்கும் நகரத்து ‘மியூசிக்கல்’களால் இது முடியாது. டிராக் யாருக்காகவும் நிற்காது. அந்நாளைய நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடியது ஒலிபெருக்கி பரவாத காலத்துக் கொட்டகைகளில். அந்த உச்சஸ்தாயி வித்தை காட்ட மட்டும் இல்லை, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே சொல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும்தான்.

கூத்தைச் சொன்னீர்கள். நீங்கள் பார்த்த நாடகத்தில் கத்தியிருப்பார்கள், சந்தேகமில்லை. கத்தினால் உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து அதே அளவில்தான் இருக்கும். ஆனால் அது கூத்தின் குற்றமில்லை. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். கூத்தாடி ஓர் அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு கிடைக்கிறது, பின்னால் பாயில் கிடப்பவருக்கு விட்டுப்போன வால் கிடைக்கிறது. பிறகு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ராஜா சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கிறான், பேச்சுத் தமிழில். ஒரே செய்தி மூன்று முறை. நகரத்து நவீனக் குழுக்கள் கூத்திலிருந்து அடவையும் முகவீணைக் குழலையும் முகப்பூச்சையும் எடுத்துக்கொண்டு பின்பாட்டைக் கழித்துவிட்டன. அப்புறம் கத்தாமல் என்ன செய்வார்கள்?

பயிற்சி பற்றிக் கேட்டது மட்டும் நல்ல கேள்வி. நாடகம் போடும் நண்பர்கள் இருந்தால் சொல்லுங்கள்: 200 இருக்கைக்குள் என்றால் மைக்கே வேண்டாம். விசிறியை நிறுத்தி, ஒத்திகையில் ஒருவரைக் கடைசி வரிசையில் பிரதி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். வினைமுற்று கேட்காத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் கையைத் தூக்கட்டும். பெரிய அரங்கு என்றால் மேடை விளிம்பில் மூன்று தரை மைக், அடியில் ஸ்பாஞ்சு, காலடிச் சத்தம் போக 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, ஸ்பீக்கர் மைக்குகளுக்கு முன்னால். வயர்லெஸ் வாடகைக்கு எடுத்தால் காட்சி நடக்கும் அதே நேரத்தில் முந்தைய நாளே அலைவரிசையைச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மொய் அறிவிப்பு கதாநாயகியின் வாயிலிருந்து வரும்.

பங்குனி, சித்திரையில் ஊருக்கு வந்தால் மதுரைப் பக்கம் ஒரு வள்ளி திருமணத்துக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். குழாய் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும், அதற்காக எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், சொல் கேட்கும். பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும், டிக்கெட் கிடையாது. பாதியில் மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள், வள்ளி – நாரதர் தர்க்கம் நள்ளிரவுக்கு மேல்தான்.