டைரி எழுதினால் மனசு லேசாகுமா? கேளுங்கள், சொல்கிறேன்

மனநல ஆலோசகர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து, மாத்திரைக் கேள்விகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கே: மூன்று நாளாக எழுதுகிறேன் அக்கா. முடித்ததும் அழுகைதான் வருகிறது. விட்டுவிடட்டுமா?

விடாதீர்கள், இன்னும் ஒரு நாள் பாருங்கள். 1986-ல் பென்னிபேக்கர், பீல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை தினம் 15 நிமிடம், நாலு நாள் எழுத வைத்தார்கள். மனசைக் காயப்படுத்திய சம்பவத்தையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய கையோடு இன்னும் வாடித்தான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதனால் அழுகை வருவதே தப்பில்லை. நாலாம் நாள் பக்கத்தை முதல் நாள் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். ‘ஏமாத்திட்டாங்க’ என்பது ‘ஏன் அப்படி நடந்தது, நான் எதை கவனிக்காமல் விட்டேன்’ என்று கொஞ்சமாவது நகர்ந்திருந்தால் நல்லது. அதே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அரைத்த மாவையே அரைக்கிறீர்கள், நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். இன்னொன்று, 2006-ல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் சின்னதுதான் என்று வந்தது.

கே: எந்த நோட்டு வாங்கலாம்?

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டு போதும்.

கே: அப்பா தவறி பத்து நாள் ஆகிறது. எழுதினால் ஆறுமா?

இப்போது வேண்டாம் தம்பி. காரியம் முடியட்டும், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது அவர்களோடு இருங்கள். சில வாரம் கழித்து எழுதலாம். எழுதும்போது தாங்க முடியவில்லை என்று தோன்றினால் பாதியில் எழுந்துவிடலாம்.

கே: ராத்திரி தூக்கம் வராதபோது எழுதலாமா?

பழைய காயத்தைக் கிளறுவதைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். 15 நிமிடம், அலாரம் வைத்து, சாயங்காலமே. படுக்கும்முன் எழுதியே ஆக வேண்டும் என்றால் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். 2018-ல் வந்த ஒரு ஆய்வில், அப்படி 5 நிமிடம் எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

கே: மாமியார் எடுத்துப் படித்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

எழுதுங்கள், கிழித்துப் போடுங்கள். யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால் கை தானாகவே பொய் எழுதும்.

கே: கிழிப்பதா? ஆனந்தரங்கப் பிள்ளை கிழித்திருந்தால் நமக்கு புதுச்சேரி வரலாறே கிடைத்திருக்காதே!

வந்துவிட்டீர்களா! பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதினார். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர் அவர். கப்பல் வந்தது, சரக்கு வந்தது, கவர்னர் மாளிகையில் யார் என்ன பேசினார்கள் என்றெல்லாம் எழுதி வைத்தார். அது தினசரிக் குறிப்பு, ஆவணம், கிழித்தால் பாவம்தான். இங்கே கேட்டவர் மாமியாரோடு ஒரே சமையலறையில் நிற்கிறவர்.

கே: பிள்ளையும் தன் மனக்குறையை எழுதியிருக்கிறாரே.

எழுதினார்தான், யார் மறுத்தது? உங்களுக்குத் தனி அறையும் பூட்டும் இருந்தால் நீங்களும் 25 வருடம் சேர்த்து வையுங்கள். இல்லாதவருக்கு அடுப்பு இருக்கிறது. எழுதும் வேலை எழுதும்போதே நடந்துவிடுகிறது, அதன் பிறகு அது வெறும் காகிதம்தான்.

கே: போனில் டைப் செய்யலாமா?

செய்யலாம். நோட்டிபிகேஷனை அணைத்துவிட்டு. 15 நிமிடம், அலாரம்.

கே: எழுத எழுத, இருந்து என்ன பிரயோஜனம் என்றுதான் வருகிறது.

நோட்டை வையுங்கள். இப்போதே 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் ஒருவரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பேசிவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள், காத்திருக்கிறேன்.

கே: மேடம், கோடு போட்ட நோட்டா, போடாததா?

மேலே பாருங்கள். மளிகை நோட்டு.