திரை உங்களுடையது, நிரல் அங்கே

கேள்வி: மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைக் கணினியோடு குறியாக்கத்துடன் இணையும் வழி) மூலம் லினக்ஸ் சர்வருக்குள் நுழைகிறேன். கட்டளைகள் ஓடுகின்றன. வரைபடம் போடும் நிரலைத் திறந்தால் மட்டும் டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்பிளே மாறியில் (DISPLAY) என் ஐபி முகவரியைப் போட்டு, மடிக்கணினியில் 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' (xhost +) கட்டளை கொடுக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கட்டளை உங்கள் திரையின் காவலையே எடுத்துவிடும். திரையை எட்ட முடிந்த எவரும் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கலாம். தரவும் எஸ்எஸ்எச்சுக்கு வெளியே, குறியாக்கம் இல்லாமல் போகும்.

லினக்ஸ் நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் வரைய உதவுவது 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ முறை. அதில் பெயர்கள் தலைகீழ். திரை, விசைப்பலகை, மவுஸ் இவற்றைக் கையில் வைத்திருப்பதுதான் சர்வர். அதாவது உங்கள் மடிக்கணினி. தொலைவில் ஓடும் நிரல் கிளையன்ட். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். எனவே முதலில் உங்கள் பக்கம் எக்ஸ் சர்வர் ஓட வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். மேக் என்றால் எக்ஸ்குவார்ட்ஸ், விண்டோஸ் என்றால் விசிஎக்ஸ்சர்வ் நிறுவிக்கொள்ளுங்கள்.

பிறகு எஸ்எஸ்எச் கட்டளையோடு ஹைஃபனும் பெரிய எக்ஸும் (-X) சேர்த்து மறுபடி நுழையுங்கள். சிறிய எக்ஸ் (-x) போட்டால் இந்த வசதி அணைந்துவிடும், கவனம். உள்ளே போனதும் டிஸ்பிளே மாறியின் மதிப்பைப் பாருங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' போல இருந்தால் வழி திறந்துவிட்டது. அந்த 10 எஸ்எஸ்எச் உருவாக்கிய பொய்த்திரை. நிரல் அந்தக் கணினியின் 6010ஆம் போர்ட்டில் வரைகிறது. அது குறியாக்கத்தோடு உங்களிடம் வந்து ஜன்னலாக விரிகிறது.

மதிப்பு காலியாக இருந்தால்? தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங், அதாவது ஜன்னல்களை எஸ்எஸ்எச் வழியாக அனுப்பும் வசதி, அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் அதை இயல்பாக மூடியே வைக்கிறது. அதுவும் சரியென்றால் அங்கே திரைக்கான அனுமதிச் சாவியைக் கையாளும் எக்ஸ்ஆத் (xauth) நிரல் இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். திரை இல்லாத சர்வர்களில் அதை நிறுவாமலே விட்டிருப்பார்கள். நான் பார்த்தவரை பலர் மாட்டுவது இங்கேதான். நண்பர் சொன்னபடி டிஸ்பிளே வரியை, சர்வரில் நுழையும்போது ஓடும் பேஷ் தொடக்கக் கோப்பில் ஏற்கெனவே எழுதியிருந்தால் உடனே நீக்குங்கள். எஸ்எஸ்எச் தரும் சரியான மதிப்பை அது அழித்துவிடும்.

சில நிரல்கள் பாதியில் விழலாம். பெரிய எக்ஸ் தரும் அனுமதி வரம்புக்குட்பட்டது. இயல்பாக 20 நிமிடத்துக்குப் பிறகு புதிய ஜன்னல் திறக்காது. அதற்குப் பதில் பெரிய ஒய் (-Y) போட்டால் அந்தத் தடைகள் இல்லை. ஆனால் அந்தக் கணினியில் ரூட் அதிகாரம் (முழு நிர்வாக உரிமை) உள்ளவர் உங்கள் மற்ற ஜன்னல்களையும் எட்டிப்பார்க்க முடியும். முழு நம்பிக்கை இருக்கும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் மடிக்கணினியில் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் இருந்தால் பெரிய எக்ஸே இயல்பாக ஒய் போல நடந்துகொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜன்னல் திறந்தும் ஆமை வேகமா? நிரலும் திரையும் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் கேட்டுப் பதில் வாங்குவதால், தூரம் கூடினால் தாமதம் பெருகும். பெரிய சி (-C) போட்டால் தரவு சுருங்கும், தாமதம் குறையாது. அப்போது தொலை ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்ப்ரா (xpra) என்ற மென்பொருளுக்கு மாறுங்கள். அதுவும் எஸ்எஸ்எச் வழியாகவே வரும். இணைப்பு அறுந்தாலும் நிரல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.