செம்புக் குழாயால் கல்லைக் குடைய முடியுமா?

கேள்வி: பண்டைய எகிப்தியர் கல்ஜாடி குடைந்த விதத்தை அறிவியல் கண்காட்சியில் செய்துகாட்ட, எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். மாக்கல்லும் செம்புக் குழாயும் வாங்கினால் போதுமா?

பதில்: குழாய் சரி, மாக்கல் வேண்டாம். அதைச் செம்பே சுரண்டிவிடும். அப்புறம் நீங்கள் காட்ட வேண்டிய விஷயமே போய்விடும். எகிப்தில் கல்லைக் குடைந்தது செம்பு இல்லை, மணல். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் செம்பின் கடினம் சுமார் 3, மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்கு 7. குழாய் சுழலும்போது விளிம்புக்கு அடியில் சிக்கும் மணல் கல்லைத் தேய்க்கிறது. கூடவே செம்பும் தேயும், அதனால் குழாயைச் சற்று நீளமாகவே வாங்குங்கள்.

டைல்ஸ் கடையில் வெள்ளை மார்பிள் துண்டு கேளுங்கள். மார்பிள் பெரும்பாலும் கால்சைட் என்ற கனிமம், எகிப்தியர் அதிகம் குடைந்த அலபாஸ்டர் கல்லும் பெரும்பாலும் அதேதான். குழாயை ஒரு மரக்கம்பில் செருகி, வில்லும் கயிறும் கொண்டு சுற்றலாம். முதலில் மணல் போடாமல் சுற்றுங்கள். ஒப்புக்கு ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். பிறகு சலித்த ஆற்றுமணலைப் போட்டுச் சுற்றுங்கள், வித்தியாசம் தெரியும். கிரானைட் பக்கம் போகாதீர்கள், கண்காட்சியே முடிந்துவிடும்.

குழாய் நேர்த்துளைதான் போடும், நடுவில் ஒரு கல்தண்டும் நிற்கும். அதை உடைத்து எடுத்துவிடலாம். ஆனால் வாய் குறுகி வயிறு பருத்த ஜாடிக்கு என்ன செய்தார்கள்? எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இடுப்பு ஒடுங்கிய, 8 வடிவக் கல் ஒன்றை வாய்வழியே செங்குத்தாக இறக்கி, உள்ளே கிடைமட்டமாகத் திருப்பி, கவட்டைக் கம்பால் பிடித்துச் சுற்றினார்கள். சற்றே நீளமான கற்களாக மாற்ற மாற்ற வயிறு அகலும். ஜாடியின் வெளிவடிவத்தை முதலிலேயே செதுக்கி முடித்திருப்பார்கள், எனவே கடைசி நேரத்தில் விரிசல் விட்டால் மொத்த உழைப்பும் வீண்.

இதெல்லாம் தொலைந்துபோன ஏதோ இயந்திரத்தால் செய்தது இல்லையா என்று, வீடியோ பார்த்த பையன் யாராவது கேட்பான். பாரமாகக் கற்கள் கட்டிய துளைப்பானைச் சுற்றும் ஆட்களைக் கல்லறைச் சுவர்களில் எகிப்தியர்களே செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். எகிப்தின் சக்காராவில் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுக்கு அடியில் மட்டும் சுமார் 40,000 கல்பாத்திரங்கள் கிடைத்தன. பலவற்றில் அவருக்கு முந்தைய மன்னர்களின் பெயர்கள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக நடந்த பட்டறை வேலை அது.

ஒரு கண்டிப்பு: மணலை ஈரமாகவே வைத்திருங்கள், மாணவர்களுக்கு முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுங்கள். குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்கு ஆகாது.