இரண்டாவது கிட்டார் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் ஒரு சபையின் பாடகர் குழுவில் ஐந்து வருடமாக ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். லீவுக்கு வந்திருந்த மாமா, விஷ்போன் ஆஷ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘ஆர்கஸ்’ ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார். “கிட்டார்னா இதுதான்லே” என்றார். மூன்று முறை கேட்டுவிட்டேன். காதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். மிரட்டுகிற வேகம் எதுவும் இல்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லையா? எதைக் கவனிக்க வேண்டும்? என் வாசிப்புக்கு அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில்: தம்பி, மூன்று முறையும் எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரிலா, பஸ்ஸில் ஒற்றைக் காதில் மாட்டிய இயர்போனிலா? அப்படியென்றால் பாதி ஆல்பத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பாதி.

எனக்கும் இதேதான் நடந்தது. கேசட் காலம். எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரில் ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. அதில் ஏறக்குறைய ஒரு வருடம் இந்த ஆல்பத்தைக் கேட்டேன். ஒவ்வொரு பாட்டின் கிட்டார் மெட்டும் மனப்பாடம். ஒருநாள் குளச்சலில் கூட்டாளி வீட்டுக்கு அதே கேசட்டைக் கொண்டுபோனேன். அவன் அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த செட், இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்யும். நான் மனப்பாடமாக வைத்திருந்த மெட்டுக்குப் பக்கத்தில், அதுவரை கேட்டே இராத இன்னொரு மெட்டு கூடவே நடந்து வந்தது. கேசட் மாறிவிட்டதோ என்று எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இந்த ஆல்பத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அதனால் முதல் வேலை, வயர் உள்ள ஒரு நல்ல இயர்போன் அல்லது ஹெட்போன். விலை கூடியது வேண்டாம், இரண்டு பக்கமும் சரியாகக் கேட்டால் போதும். ப்ளூடூத் வகையில் ஒன்றைக் காதிலிருந்து எடுத்தால் பல மாடல்களில் பாட்டே நின்றுவிடும், நாம் செய்யப்போகும் வேலைக்கு அது உதவாது. போனின் அணுகல்தன்மை செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் இடமும் வலமும் ஒன்றாகக் குழைந்துவிடும். பக்கத்திலேயே இடது வலது பேலன்ஸை நகர்த்தும் வசதி இருக்கும். அது நமக்குத் தேவைப்படும்.

இனி ஆல்பம். 1972-இல் வந்தது, குழுவின் மூன்றாவது ஆல்பம், ஏழே பாட்டு. ஆண்டி பவலும் டெட் டர்னரும் கிட்டார். மார்ட்டின் டர்னர் பேஸ் கிட்டார், பாட்டும் பெரும்பாலும் அவர்தான். (இரண்டு டர்னர்களும் உறவு இல்லை.) ட்ரம்ஸ் ஸ்டீவ் அப்டன். தயாரிப்பு டெரெக் லாரன்ஸ், ஒலிப்பதிவு மார்ட்டின் பர்ச். அதே வருடம் வந்த டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளரும் இதே பர்ச்தான். அதிலுள்ள ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, வாசித்துப் பார்க்காத கிட்டார் மாணவன் இருக்க மாட்டான். ‘ஆர்கஸ்’ அன்றைக்கு இங்கிலாந்தில் மூன்றாம் இடம் வரை போன ஆல்பம் என்றாலும், இன்று நம் ஊரில் பெயர் சொன்னால் ‘யாரு?’ என்றுதான் கேட்பார்கள். மேடையில் ஆளை இழுக்கிற பாடகர் இந்தக் குழுவில் கிடையாது. பாட்டு மெல்லிய குரலில் வரும், கிட்டார்தான் கதை சொல்லும். அதனால்தான் மற்றவர்கள் பெயர் நின்றது, இவர்கள் பெயர் மங்கியது என்பது என் எண்ணம்.

இரண்டு கிட்டார் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் கேட்பது சுலபமாகும். 1969-இல் மார்ட்டின் டர்னரும் அப்டனும் ஒரு கிட்டார்காரரையும் ஒரு கீபோர்டுகாரரையும் தேடினார்கள். கிட்டாருக்கு வந்தவர்களில் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். யாரை விடுவது என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். கீபோர்டு போயிற்று. கீபோர்டு நிரப்ப வேண்டிய இடத்தை இரண்டாவது கிட்டார் நிரப்பியாக வேண்டிய நிலை. அதனால்தான் ஒருவர் சோலோ (தனி வாசிப்பு), மற்றவர் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மெட்டு வாசிக்கிறார்கள்.

நீங்கள் சோலோவைத் தேடிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே தேட வேண்டியது துணைக்குரலை. இதற்கு நம் மாவட்டத்துக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. சுசீந்திரம் தேருக்கு இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது இருவரும் ஒரே ஸ்வரத்தில் நிற்பார்கள், அல்லது ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பார். உங்கள் சபையிலோ பெண்களின் மேல் குரலான சொப்ரானோ மேலே போகும்போது கீழ்க் குரலான ஆல்ட்டோ அதன் நிழலில் வேறு ஸ்வரத்தில் நடக்கும். இந்த ஆல்பத்தில் இரண்டு வழக்கமும் இருக்கின்றன, ஒரே பாட்டுக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறார்கள். மாறுகிற அந்த நொடியைப் பிடித்துவிட்டால் உங்கள் மாமா எதற்கு அப்படிச் சொன்னார் என்று புரியும்.

‘ப்ளோயின் ஃப்ரீ’ பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். டி மேஜர், துள்ளல் தாளம், நம் கணக்கில் திஸ்ரம் மாதிரி மூன்று மூன்றாக அசையும். முதல் தடவை இரண்டு காதிலும் முழுசாகக் கேளுங்கள். இரண்டாம் தடவை பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். மூன்றாம் தடவை வலது. இந்த ஆல்பத்தில் பல இடங்களில் இரண்டு கிட்டாரும் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன, அதனால் ஒருவர் பின்னால் மட்டும் போக முடியும். (சில மறுபதிப்புகளில் கலவை மாறியிருக்கும், ஆகவே ஒரே பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.) நான்காம் தடவை மறுபடி இரண்டு காதிலும் வைத்து, எந்தக் கிட்டார் பளிச்சென்று முன்னால் நிற்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பின்தொடருங்கள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். கூட்டத்தில் ஒருவர் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்பவர் பேச்சைக் கேட்கிற மாதிரி. ஆனால் வந்துவிடும்.

யார் எந்தக் கிட்டார் என்று கண்டுபிடிக்க ஒலியின் நிறத்தைப் பிடியுங்கள். பவல் கையில் கிப்ஸன் ஃப்ளையிங் வி, டெட் டர்னரின் அடையாளம் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஸ்ட்ராட்டின் பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தில், ஒரே கம்பிச்சுருள், அதனால் ஒலி மெலிந்து, விளிம்பு கூர்மையாக, கண்ணாடி டம்ளரைத் தட்டினது போல வரும். கிப்ஸனில் இரண்டு சுருள் எதிரெதிராக இணைத்திருக்கும். இரைச்சல் அடங்கும், ஒலியும் தடித்து உருண்டு வரும். கம்பியின் நீளமும் வேறு. ஸ்ட்ராட்டில் 25.5 அங்குலம், கிப்ஸனில் சுமார் 24.75. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுப்பும் குறையும், கம்பியை வளைப்பது கொஞ்சம் இலகுவாகும். முதலில் குழப்பும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, இரண்டு நிறம் இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இரண்டு கிட்டாரும் சேர்ந்து மெட்டு பாடும் இடங்களில் அவர்கள் அதிகம் பிடிப்பது மூன்றாம் ஸ்வர இணை. ஒருவர் ச ரி க ம என்று ஏறினால் மற்றவர் க ம ப த என்று ஏறுவார். கேட்க எளிது, வாசிக்கும்போதுதான் பையன்கள் தடுக்கி விழுகிறார்கள். ‘நான்கு ஃப்ரெட் தள்ளி வாசித்தால் சரிதானே’ என்று கேட்பார்கள். (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைதான் ஃப்ரெட், ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் அரை ஸ்வரம்.) சரியில்லை. ஒரே கம்பியில் விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். மேஜர் ஸ்கேல், அதாவது நம் சங்கராபரணம். ச-விலிருந்து க நான்கு ஃப்ரெட். ரி-யிலிருந்து ம மூன்று. க-விலிருந்து ப-வும் மூன்று. ம–த நான்கு, ப–நி நான்கு, த–ச மூன்று, நி–ரி மூன்று. இரண்டு கிட்டாருக்கும் நடுவே உள்ள இடைவெளி இப்படி ஒடுங்கி விரிந்துகொண்டே போகும். எங்கும் நான்கு ஃப்ரெட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் மூன்று வர வேண்டிய இடத்திலெல்லாம் துணைக் கிட்டார் ராகத்தை விட்டு வெளியே போய்விடும். ஆல்ட்டோ பாடுகிற அக்காமார் இதை எண்ணிப் பார்ப்பதில்லை, காது கொண்டுபோய்விடுகிறது. உங்கள் விரலும் அந்த நிலைக்கு வர வேண்டும்.

அதிரடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது குறை இல்லை, அந்த இசைக்கு அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டி ஒரே ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து விட்டால், அந்த இரண்டோடு நிற்காது. அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதுப்புது ஸ்வரங்களாக உள்ளே முளைக்கும். ஐந்தாம் ஸ்வர இணை அதைத் தாங்கும், மெட்டல்காரர்கள் அந்த இணையை மட்டும் வைத்துப் பவர் கார்டு பிடிப்பது அதனால்தான். மூன்றாம் ஸ்வர இணை கலங்கிப் போகும். இங்கே ஆளுக்கொரு கிட்டார், ஆளுக்கொரு ஆம்ப், டிஸ்டார்ஷனும் அளவாக. ஆகவே இரண்டு ஸ்வரமும் காற்றில்தான் சந்திக்கின்றன, சுத்தமாகக் கேட்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. டிஸ்டார்ஷன் கூடினால் மெதுவாகத் தட்டியதும் ஓங்கி அடித்ததும் ஒரே அளவுக்கு வந்துவிடும். இதில் மீட்டும் வில்லையான ப்ளெக்ட்ரம் கம்பியில் பட்ட அழுத்தம் வரை காதுக்கு வருகிறது. விரல் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வாசிப்பு இது. வேகத்தை விட இது கடினம் என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மற்ற பாடல்களில் ‘த கிங் வில் கம்’ உங்களுக்கு உடனே ஒட்டும். வேதாகமத்தின் இரண்டாம் வருகையை ஒட்டிய வரிகள், ராணுவ நடை போல ட்ரம்ஸ், அதன்மேல் கிட்டார்கள் மெல்ல மெல்ல எழும்பும். ‘டைம் வாஸ்’ ஏறக்குறைய பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் அமைதியாகப் போகும், அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ‘சம்டைம் வேர்ல்டு’ நடுவில் வேகமெடுக்கும்போது பேஸ் கிட்டாரைக் கேளுங்கள், மூன்றாவது மெட்டு அங்கே ஓடுகிறது. ‘லீஃப் அண்ட் ஸ்ட்ரீம்’ மழை நாளில் கேட்க நன்றாயிருக்கும். ‘வாரியர்’ பாட்டைக் கடைசிப் பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் கேளுங்கள்.

அந்தக் கடைசிப் பாட்டு, ‘த்ரோ டவுன் த ஸ்வார்டு’, எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். போர் முடிந்து வாளைக் கீழே போடுகிறவனின் பாட்டு. பின்னால் மெலிதாக ஆர்கன், அது ரினெய்சான்ஸ் குழுவின் ஜான் டவுட் வாசித்தது. தொடக்கத்தில் கிட்டார்கள் தூரத்திலிருந்து வருவது போல வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். முடிவில் பாடும் குரல் ஓய்ந்தபின் இரண்டு கிட்டார் வரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும். அங்கே மூன்றாம் ஸ்வரக் கணக்கெல்லாம் விட்டுப்போகிறது. இரண்டும் தன்தன் துயரத்தைச் சொல்கின்றன, ஆனால் ஒன்று மூச்சு விடும்போது மற்றது பேசுகிறது. யூடியூபில் வேகத்தை 0.75 வைத்து ஒருமுறை கேளுங்கள், சுருதி மாறாது. எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகிறார்கள், கம்பியை வளைத்து மேல் ஸ்வரத்துக்கு எவ்வளவு நிதானமாகப் போய்ச் சேருகிறார்கள் என்று பாருங்கள். கமகம் கேட்டுப் பழகியவர்கள் இந்த வளைவில் சொக்கிப் போவார்கள்.

1974-இல் டெட் டர்னர் விலகிவிட்டார். ஆனால் இந்த இரட்டைக் கிட்டார் வழி நிற்கவில்லை. தின் லிஸ்ஸி, அயர்ன் மெய்டன் ஆகிய ராக் குழுக்களில் அது தொடர்ந்தது. மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ், தங்கள் ஆரம்பகால இரட்டைக் கிட்டாருக்கு ‘ஆர்கஸ்’ ஒரு ஊற்று என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மெய்டன் உங்களுக்குப் பிடிக்குமென்றால் அங்கிருந்து பின்னோக்கி வந்தும் கேட்கலாம்.

பயிற்சிக்கு இன்னொரு கிட்டார் வேண்டும். பாடகர் குழுவில் ஒருவரைப் பிடியுங்கள். பாமாலையில் இருவருக்கும் நன்றாகத் தெரிந்த, மெதுவாகப் போகும் ஒரு ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டே வேண்டாம். ஒருவர் மெட்டு, மற்றவர் மேலே மூன்றாம் ஸ்வரம், நான்கு வரி மட்டும். அதற்கு முன்னால் இரண்டு கிட்டாருக்கும் ஒரே கனத்தில் புதுக் கம்பி மாட்டிவிடுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேராது. தனியாக வாசிக்கும்போது அது தெரியாது. இரண்டு பேர் சேர்ந்தால் பல் கூசும். ட்யூனர் காட்டியபடி வைத்த பிறகும் மேஜர் மூன்றாம் ஸ்வரம் கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். ஃப்ரெட் அமைப்பே அப்படி, இயற்கையான ஸ்வரத்தை விட சுமார் 14 செண்ட் மேலே நிற்கும். (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்.) மேலே வாசிப்பவர் விரலை மென்மையாக அசைத்தால் அந்தக் கூர்மை காதுக்கு அவ்வளவாக உறுத்தாது.

இரண்டு பேருக்கும் நடுவில், ஒரே தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது யார் மெட்டு, யார் துணை என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடிந்தால் ஒருவர் ஓங்கி வாசிக்கிறார் என்று அர்த்தம். அவர் கொஞ்சம் இறங்கட்டும், மறுபடி பதிவு செய்யுங்கள். அப்புறம் இடம் மாறி உட்கார்ந்து, மெட்டு வாசித்தவர் துணை வாசிக்கட்டும். மாமா அடுத்த லீவுக்கு வரும்போது அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.