வாசகர் கேள்வி-பதில்: பூட்டியதும் திறந்துகொள்ளும் கார்க் கதவுகள்

கேள்வி: நாங்கள் வைத்திருப்பது 2008இல் பதிவு செய்த ஜப்பானிய செடான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇயை 2018இல் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்தோம். ஒரு மாதமாக, ரிமோட்டில் பூட்டும் பொத்தானை அழுத்தினால் நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டு, மறுகணமே திறந்துகொள்கின்றன. மழை பெய்த மறுநாள் நிலைமை இன்னும் மோசம். பணிமனையில் சென்ட்ரல் லாக்கிங் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பதினாறு ஆண்டு ஓடிய காருக்கு அவ்வளவு செலவு செய்யலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: இப்போதைக்கு அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதடைவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை; ஆனால் நான்கு கதவுகளும் ஒருமுறையாவது ஒழுங்காகப் பூட்டிக்கொள்கின்றன என்றால், ஃபியூஸும் ரிமோட்டும் பூட்டு மோட்டார்களுக்குப் போகும் மின்சாரமும் அந்தக் கணத்தில் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். பல கார்களில் பூட்டுக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை அதுதான் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. அந்தச் சுவிட்ச் தேய்ந்திருந்தாலோ அதன் கம்பி விட்டுவிட்டுத் தொடர்பை இழந்தாலோ, பூட்டிய கதவைப் பற்றியும் 'திறந்திருக்கிறது' என்ற பொய்த் தகவல் போய்ச் சேர, பெட்டியும் அதை நம்பி எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறது.

மழையோடு சேர்ந்து பழுது கூடுகிறது என்பதால் என் சந்தேகம் முதலில் கம்பியின் மீதுதான் விழுகிறது. ஓட்டுநர் கதவை அகலத் திறந்து, கீல்கள் இருக்கும் பக்கம் பாருங்கள்: கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று தெரியும். கதவுக்குள் போகும் கம்பிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் செல்கின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. நாளொன்றுக்கு 6 முறை என்று வைத்துக்கொண்டாலும் 16 ஆண்டுகளில் ஏறக்குறைய 35,000 முறை ஆகிறது. ஆகவே உள்ளிருக்கும் செம்பு அறுந்துபோய், மேலுறை மட்டும் முழுதாக நிற்பது பழைய கார்களில் சாதாரணம். கண்ணால் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ரப்பரில் கீறல் இருந்தால் நீரும் இறங்கி, செம்பைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் உள்ளே அமர்ந்து பூட்டும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தட்டும். மற்றவர் கதவை மெல்ல ஆட்டிக்கொண்டே ரப்பர்க் குழாயை இப்படியும் அப்படியும் வளைக்கட்டும். வளைக்கும் கோணத்திற்கேற்பப் பூட்டின் நடத்தை மாறினால் பழுது அங்கேதான் இருக்கிறது. (சோதிக்கும்போது சன்னலை இறக்கிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை சாவியை உள்ளே விட்டுவிட்டுப் புளோக் கார்ப்பேட்டையில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன்.)

பழுதுபார்க்கும் முன் பேட்டரியின் எதிர்மின்முனை (−) இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருப்பது அவசியம்; சில கார்களில் காற்றுப்பைக்கான கம்பியும் அதே குழாயில் செல்லும். குழாயை விலக்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பார்த்தால், அறுந்தது ரப்பர்போல நீளும். அதை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் சில வாரங்களிலேயே பழைய கதை திரும்பும். நன்கு வளையக்கூடிய புதிய கம்பித் துண்டைச் சற்று நீளமாக எடுத்து, மடங்கும் பகுதிக்கு வெளியே இருபுறமும் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையிட்டு மூடச் சொல்லுங்கள். பல கம்பிகள் அறுந்திருந்தால் இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக இருக்க வேண்டும்.

ஓட்டுநர் கதவின் கம்பிகள் நன்றாக இருந்தால் மற்றக் கதவுகளையும் இவ்வாறே பார்த்துவிட்டு, அதன் பிறகே உட்பலகையைக் கழற்றிப் பூட்டையும் அதன் சுவிட்சையும் சோதிக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒழுங்காக ஒட்டச் சொல்ல மறக்காதீர்கள். அவசரத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அடுத்த மழையில் கால் வைக்கும் இடம் நனையும்போதுதான் அது தெரியவரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழுது தொடர்ந்தால்தான் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். சில கார்களில் புதிய பெட்டியைக் கணினி வழியாகக் காருடன் இணைக்க வேண்டியிருப்பதால், அந்த வேலைக்கான கூலியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிஓஇ 2028 வரை இருக்கிறது; கம்பி மட்டும்தான் பழுது என்றால் யோசிக்காமல் சரிசெய்துவிடலாம்.

கேள்வி: காரை ஒட்டி நின்று அழுத்தினால் மட்டுமே ரிமோட் வேலை செய்கிறது. பூட்டில் பழுதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: பூட்டில் இல்லை, ரிமோட்டின் பேட்டரி இறங்கியிருக்கும். பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பழையதைக் கழற்றி அதன் மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள புதியதைப் போடுங்கள்.