வெல்டிங் புகை, கிரைண்டிங் தூசி: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ஓசூர் சிப்காட்ல 22 வருஷம் சேப்டி டிபார்ட்மென்ட்ல இருந்துட்டு இப்போ காவேரிப்பட்டினத்துல மாந்தோப்பு பாத்துட்டு இருக்கேன். டாக்டர் இல்ல, மாத்திரை பேரு மட்டும் கேக்காதீங்க.

பாலக்கோட்டுல இருந்து ஒருத்தர்: அண்ணா, ஜி.ஐ. பைப்ல கேட் செய்யறோம். லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலை பாத்தா ராத்திரி குளிர் நடுக்கம், காய்ச்சல், வாய்ல காசு சப்புன ருசி. புதன்கிழமை தானா சரியாயிடுது. மலேரியா டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல.

தம்பி, அது கொசுவால வரல, ஜி.ஐ. பைப்னா துத்தநாகம் பூசின இரும்பு பைப், அந்தத் துத்தநாகத்தால வருது. இரும்பு உருக கிட்டத்தட்ட 1500 டிகிரி வேணும், துத்தநாகம் 907லயே கொதிச்சு ஆவியாயி காத்துல பட்டதும் ஜிங்க் ஆக்சைடா மாறிடும், வெல்டிங் பண்றப்ப இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையா மிதக்குமே, அதேதான். மூச்சுல போயி 4ல இருந்து 10 மணி நேரம் கழிச்சுதான் காட்டும், அதனால வீட்டுக்குப் போன பிறகு வருது, யாரும் பட்டறையை சந்தேகப்பட மாட்டாங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடும். தினமும் இழுத்தா உடம்பு பழகிடும், லீவுல அந்தப் பழக்கம் விட்டுப்போயி திங்கக்கிழமை மறுபடி அடிக்கும். ஜாயின்ட் வர்ற இடத்துல மட்டும் கோட்டிங்கை தேச்சு எடுத்துட்டு அடிங்க, தேய்க்கறப்பவும் மாஸ்க் போடுங்க. புகை முகத்துக்கு வராம பக்கவாட்டுல போற மாதிரி ஃபேனை வைங்க.

பர்கூர்: ஓனர் தினம் பால் வாங்கித் தர்றாரு, வெல்லமும் சாப்பிடச் சொல்றாரு. புகையை இறக்குமா சார்?

பால் வயித்துக்குப் போவுது, புகை நுரையீரலுக்குப் போவுது, ரெண்டும் எங்க சந்திக்கும்? குடிங்க, தப்பில்ல. ஆனா அரை லிட்டர் பாலைக் குடுத்துட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் செலவைத் தள்ளிப்போடற ஓனருங்களை நிறைய பாத்துட்டேன்.

கிருஷ்ணகிரி: அப்பா 15 வருஷமா ஆர்க் வெல்டர். எக்ஸ்ரேல புள்ளி புள்ளியா இருக்கு, டி.பி.யா இருக்கும்ங்கறாங்க.

இரும்பு ஆக்சைடு நுரையீரல்ல படிஞ்சாலும் எக்ஸ்ரேல அப்படித்தான் தெரியும், சிடரோசிஸ்னு பேரு. வெறும் இரும்புத் தூசி மட்டும்னா மூச்சுத்திறனை பெருசா கெடுக்காது. ஆனா டி.பி. இல்லன்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது, சளி டெஸ்ட் எடுங்க, என்ன வேலை பாத்தாருன்னு டாக்டர்கிட்ட விவரமா சொல்லுங்க. முன்னாடி கிரானைட் பாலிஷ்ல இருந்திருந்தா அதையும் கண்டிப்பா சொல்லணும், சிலிக்கா தூசி வேற கதை, நுரையீரலை தழும்பாக்கிடும், திரும்பாது.

ஓசூர்: நாங்க எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை மட்டும்தான், காய்ச்சலே வந்ததில்ல. சேஃப் தானே?

இதுதான் எனக்கு பயம். காய்ச்சல் வர்றவன் அன்னைக்கே தெரிஞ்சுக்கறான். எஸ்.எஸ். புகைல குரோமியம், நிக்கல் ரெண்டும் இருக்கு, சத்தமில்லாம வருஷக்கணக்குல வேலை பாக்கும். 2017ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஏஜென்சி வெல்டிங் புகையையே புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான முதல் குரூப்ல வச்சிருச்சு, சிகரெட் இருக்கற அதே குரூப். வெல்டிங் புகைல இருக்கற மாங்கனீசு உடம்புல ரொம்ப நாள் ஏறினா கை நடுங்கும், நடை மாறும். உலோகத்தை உருக்கி ஒட்டற பழைய சில்வர் பிரேசிங் ராடுல காட்மியம்ங்கற உலோகம் இருக்கும், அதோட புகை பட்டா ஆரம்பம் அந்த திங்கக்கிழமை காய்ச்சல் மாதிரியே இருக்கும், ஆனா அடுத்த நாள் மூச்சு வாங்கும், உயிரே போகலாம். அப்படி ஆனா தூங்கி எழுந்தா சரியாயிடும்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ஊத்தங்கரை: கர்ச்சீப் நனைச்சு கட்டினா போதுமா?

ஒரு பையன் கர்ச்சீப்பை அவுத்தப்ப பாத்தேன், வெளிப்பக்கம் சாம்பல் கலர், உள்பக்கம் மூக்கு ஓட்டைக்கு நேரா ரெண்டு கருப்பு வட்டம். அவ்ளோதான் அதோட லட்சணம். வெல்டிங் புகைத்துகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ. குறைஞ்சது என்95 மாஸ்க், வெல்டிங் ஷீல்டுக்கு அடியில போடுங்க, தாடி இருந்தா சைடுல லீக் ஆகும்.

தர்மபுரில இருந்து ஒரு அக்கா: வீட்டுக்காரர் பேட்டரி கடைல வேலை, அவரு துணியை குழந்தை துணியோட சேத்து துவைக்கலாமா?

வேண்டாங்க அக்கா. அதுல ஈய ஆக்சைடு ஒட்டியிருக்கும், குழந்தைங்க மூளைக்கு ரொம்பக் கெடுதல். கடைலயே கை கால் கழுவி சட்டையை மாத்திட்டு வரச் சொல்லுங்க, வீட்ல உதறாம தனி பக்கெட்ல ஊற வைங்க. குழந்தையைத் தூக்கறது அதுக்கப்புறம்.