உள்ளக வடிவமைப்பு: கல்லூரியா, சுயமாகக் கற்பதா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் புதுச்சேரியில் இருக்கும் நீங்கள், உள்ளக வடிவமைப்பைக் கல்லூரியில் பயில்வதா, சுயமாகக் கற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி 'ஆர்க்கிடெக்ட்' (கட்டடக் கலைஞர்) என்று அழைத்துக்கொள்ளத்தான் பதிவு தேவை, உள்ளக வடிவமைப்பாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆயினும், என் பரிந்துரை கல்லூரியே. மென்பொருளைக் காணொளிகளில் கற்றுவிடலாம். ஆனால் நீங்கள் வரைந்த வரைபடத்தில் கதவு திறக்கும் திசை நடைபாதையை மறைப்பதையோ, மின்கம்பி செல்லும் இடத்தில் தண்ணீர்க் குழாய் வருவதையோ காணொளி சுட்டிக்காட்டாது; ஆசிரியர்தான் சுட்டிக்காட்டுவார்.

பொருட்களைப் பற்றிய அறிவு மட்டும் வகுப்பறையில் முழுமையடையாது. கடற்காற்றின் உப்பு சாதாரண இரும்புக் கீல்களை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் இவ்வூரில், எந்த இடத்துக்கு எவர்சில்வர் கீல் வேண்டும், சமையலறைத் தொட்டியின் கீழ் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டை ஏன் வலியுறுத்த வேண்டும் என்பவற்றைத் தச்சர்களோடு நின்று பார்த்தால்தான் மனத்தில் பதியும். தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் வெளிச்சத்தை எப்படிப் பகிர்கின்றன என்பதையும், கட்டடக் கலைஞர் ஆந்தொனின் ரேமண்ட் வடிவமைத்த, இவ்வூர் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியின் அசையும் பலகைகள் குளிர்சாதனமின்றிக் காற்றை எப்படி உள்ளே விடுகின்றன என்பதையும் கவனியுங்கள் (வெளியிலிருந்து பார்த்தாலே நிறையப் புரியும்).

கட்டணம் சுமையானால், குறுகிய டிப்ளமோ ஒன்றில் சேர்ந்து, அதே காலத்தில் அனுபவமுள்ள வடிவமைப்பாளரிடம் உதவியாளராகச் சேருங்கள். அளந்து வரைந்த ஒவ்வொரு வரைபடத்தையும் தேதியிட்டுச் சேமித்து வையுங்கள்.